வெட்டாத கத்தி

துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ஹாரி ப்ரியர்லிக்கு, 1914 வாக்கில் சொந்த ஊரில் வாய்த்த பட்டம் வேறு. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் விவரம் தெரியாதவர்களும் அல்லர். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் பரம்பரையாகக் கத்தி அடித்தவர்கள். உலையில் கிடக்கும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லக்கூடியவர்கள். அவர் கொடுத்த புது எஃகில் கத்தி செய்து பார்த்தார்கள். சில கத்திகளில் கூர் நிற்கவில்லை. வேறு சில படுகடினமாக வந்தன, ஆனால் பட்டென்று ஒடிந்தன. ஒரே எஃகு ஓரிடத்தில் மெத்தென்றும் இன்னோரிடத்தில் நொறுங்குவதாகவும் நடந்துகொண்டால் யார்தான் நம்புவார்கள்?

இந்த எஃகின் பிறந்த நாள் என்று 1913 ஆகஸ்ட் 13-ஐச் சொல்வது வழக்கம். அன்றுதான் ப்ரியர்லியின் சேர்மானத்தில் முதல் வார்ப்பு மின் உலையிலிருந்து இறங்கியது. எனக்கு அந்தத் தேதியில் உடன்பாடில்லை. அன்று பிறந்தது ஒரு கட்டி உலோகம். அதை எந்தச் சூட்டில் காய்ச்ச வேண்டும், எப்படி ஆறவிட வேண்டும், பிறகு எவ்வளவு இளஞ்சூடு காட்ட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அது துருப்பிடிக்காத எஃகு ஆயிற்று. அதுவரை அது பழைய இரும்புக் குவியலுக்குப் போகவேண்டிய சரக்கு. ஆகவே இந்தப் பிறந்த கதை உலோகத்தின் கதை என்பதைவிட, சூட்டின் கதை.

கதையின் முதல் கண்ணி தென்னிந்தியாவில் இருக்கிறது. பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வரிசை அப்படித்தான் போகிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் பக்கத்து மூசை எஃகு ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. ஜார்ஜ் பியர்சன் என்பவர் 1795-ல் அதை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை எழுதினார். ஐரோப்பியக் கொல்லர்கள் அதை வாங்கி, தங்களுக்குப் பழகியபடி வெளுப்பேறும் வரை காய்ச்சி, சம்மட்டியால் அடித்தார்கள். கட்டி பொடிந்து உதிர்ந்தது. சரக்கு மோசம் என்று பலர் ஒதுக்கினார்கள். குறை சரக்கில் இல்லை. அந்த எஃகில் கரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு வரை இருக்கும். அத்தனை கரியுள்ள எஃகை அதிகம் காய்ச்சினால் உள்ளே படிக மணிக்கும் மணிக்கும் நடுவே உருகத் தொடங்கிவிடும். அந்த நிலையில் ஓர் அடி விழுந்தால் போதும். நம் கொல்லர்கள் அதை மங்கிய செந்நிறத்திலேயே வைத்துப் பொறுமையாகத் தட்டி நீட்டினார்கள். அதே சரக்குத்தான், சூடு மட்டும்தான் வேறு.

லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் ஊட்ஸின் அருமை அறிந்து அதில் அறுவைக் கருவிகள் செய்து விற்றுவந்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் அப்போது இளைஞராக இருந்த மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து, அந்த எஃகின் ரகசியம் என்ன, அதைவிட நல்ல எஃகு செய்ய முடியுமா என்று ஆராயத் தொடங்கினார். மின்சாரத்துக்கு முன் ஃபாரடே எஃகில் கை வைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தார்கள். அவற்றில் ஒன்று குரோமியம். அவர்களைப் படித்த பிரெஞ்சுக்காரர் பியர் பெர்த்தியே 1821-ல் குரோமியத்தைத் தாராளமாகச் சேர்த்து உருக்கினார். அந்த உலோகத்தை அமிலம் எளிதில் தின்னவில்லை. இதில் கத்தி செய்யலாம் என்றுகூட எழுதினார். செய்ய முடியவில்லை. அது நொறுங்கியது.

காரணம் கரி. குரோமியத் தாதுவை அக்காலத்தில் கரியோடு சேர்த்துக் காய்ச்சித்தான் உலோகமாக்கினார்கள். குரோமியத்துக்குக் கரியின் மேல் தீராத பற்று. உலோகத்தோடு கரியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். குரோமியத்தைக் கூட்டக் கூட்டக் கரியும் கூடியது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த முட்டுச் சந்திலேயே எல்லோரும் நின்றார்கள். ராபர்ட் ஹாட்ஃபீல்ட் என்ற பேர்பெற்ற ஷெஃபீல்ட் நிபுணர் 1892-ல் குரோமியம் கலந்த எஃகைக் கந்தக அமிலத்தில் போட்டுப் பார்த்து, குரோமியம் அரிப்பைக் கூட்டுகிறது என்றே தீர்ப்பு எழுதினார். காற்றிலும் எலுமிச்சைச் சாற்றிலும் வைத்துப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். 1895-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் அலுமினியப் பொடியைக் கொண்டு கரியில்லாத குரோமியம் எடுக்க வழி கண்டார். அதன்பின் கதவு திறந்தது. பிரான்ஸில் லியோன் கியே இன்றைய துருப்பிடிக்காத எஃகு வகைகளில் பலவற்றை உருக்கி, அவற்றின் உள்ளமைப்பையும் வலிமையையும் அளந்து வெளியிட்டார். துருப்பிடிக்காது என்பதை மட்டும் கவனிக்கவில்லை. ஜெர்மனியின் ஃபிலிப் மொன்னார்ட்ஸ் 1911-ல் அதையும் கவனித்தார்: நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குரோமியம் தாண்டினால் உலோகத்தின் நடத்தையே மாறிவிடுகிறது என்று எழுதினார். உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று தானாக உண்டாகி, கீறினாலும் மறுபடி மூடிக்கொள்வதுதான் இதன் சூட்சுமம்.

ஆக, ப்ரியர்லி வருவதற்கு முன்பே சேர்மானம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. அப்படியானால் அவர் செய்தது என்ன?

ப்ரியர்லி 1871-ல் ஷெஃபீல்டில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் மூசை உலையில் எஃகு உருக்கும் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாமஸ் ஃபர்த் அண்டு சன்ஸ் ஆலையில் சேர்ந்தார். அங்கே ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவும் பையனாக இருந்தபடியே வேதியியல் கற்றுக்கொண்டார். பின்னர் ரஷ்யப் பேரரசில் இருந்த ரீகா நகரத்துக்கு, ஃபர்த் நிறுவனத்தின் ஆலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே குண்டுகளுக்குச் சரியான சூட்டில் தோய்ச்சல் போட வேண்டும், அதாவது காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டுக் கடினமேற்ற வேண்டும். சூடு அளக்கக் கருவி இல்லை. குறிப்பிட்ட ஒரு சூட்டில் மட்டும் உருகும் உப்புக் கலவைகளைத் துண்டுகளாக வார்த்து உலையில் வைத்தார்கள். உப்பு உருகினால் சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணை நம்பாமல் உப்பை நம்பிய இந்தப் பழக்கம் பிறகு அவருக்குக் கைகொடுத்தது. ஊர் திரும்பியவர், இரண்டு பெரிய ஆலைகள் சேர்ந்து நடத்திய ப்ரௌன்-ஃபர்த் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். 1911-ல் அவர் வெளியிட்ட புத்தகம் கருவி எஃகுக்கு வெப்பப் பதம் செய்வதைப் பற்றியது. சேர்மானத்தில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். சூட்டில் அவர் கைதேர்ந்தவர்.

1912-ல் துப்பாக்கிக் குழல் உட்புறம் அரித்துப்போவதைத் தடுக்க வழி தேடச் சொன்னார்கள். குரோமியம் கூடிய எஃகுக்கு உருகுநிலை அதிகம், அதனால் சூட்டைத் தாங்கும் என்று நினைத்து வார்ப்புகளை மாற்றி மாற்றிப் போட்டார். 1913 ஆகஸ்டில் இறங்கிய வார்ப்பில் குரோமியம் 12.8 சதவீதம், கரி 0.24 சதவீதம். துப்பாக்கி வேலைக்கு அது பெரிதாக உதவவில்லை. உருப்பெருக்கியில் உள்ளமைப்பைப் பார்ப்பதற்காக மெருகிட்ட துண்டை நைட்ரிக் அமிலம் கலந்த சாராயத்தில் தோய்ப்பது ஆய்வுக்கூட வழக்கம். அமிலம் மேற்பரப்பைக் கொஞ்சம் தின்றால்தான் உள்ளே உள்ள அமைப்பு தெரியும். இந்தத் துண்டைச் சில நிலைகளில் அமிலம் தின்ன மறுத்தது.

சில நிலைகளில் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே எஃகு, மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கிய நிலையில் அமிலத்துக்கு இணங்கியது. சூடேற்றித் தோய்ச்சல் போட்ட நிலையில் இணங்கவில்லை. மென்மையான நிலையில் குரோமியத்தின் ஒரு பங்கைக் கரி பிடித்து வைத்துக்கொள்கிறது. படலம் போட மிஞ்சும் குரோமியம் குறைந்துவிடுகிறது. நல்ல சூட்டில் அந்தப் பிடி தளர்ந்து குரோமியம் முழுவதும் இரும்பில் கரைகிறது. சட்டென்று ஆறினால் கரைந்தபடியே நின்றுவிடுகிறது. பதம் செய்யாத துருப்பிடிக்காத எஃகு முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு ஆகாது என்று இதற்குப் பொருள். புட்டி கழுவிய பையன் இதைப் பார்த்தவுடன் குழலை விட்டுக் கத்திக்குத் தாவினார்.

ஷெஃபீல்டில் பிறந்தவருக்குக் கத்தி நினைவு வருவது இயல்பு. அந்நாளில் சாப்பாட்டு மேசைக் கத்தி சாதாரணக் கரி எஃகு. எலுமிச்சை பட்டால் கறுக்கும், பழம் வெட்டினால் வாடை வரும். தினமும் பொடி போட்டுத் தேய்க்க வேண்டும். பணக்கார வீடுகளில் அதற்கென்று ஒரு வேலையாள். பழத்துக்கும் மீனுக்கும் வெள்ளிக் கத்தி வைத்தார்கள். கறுக்காத எஃகு கிடைத்தால் ஊரின் தொழிலே மாறும். ஆனால் ப்ரியர்லியின் முதலாளிகள் அக்கறை காட்டவில்லை. மாதிரி வாங்கிய இரண்டு கத்தி நிறுவனங்களும், அடிக்க முடியவில்லை, பதம் ஏறவில்லை, கூர் நிற்கவில்லை என்று திருப்பிச் சொல்லிவிட்டன.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கரி எஃகுக் கத்திக்குத் தோய்ச்சல் சூடு ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ். நிறம் செம்பழுப்பிலிருந்து செர்ரிப் பழச் சிவப்பு. அதற்கு மேல் காய்ச்சினால் எஃகு கெட்டுவிடும் என்பது தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். புது எஃகையும் அதே சிவப்பில் எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். அந்தச் சூட்டில் இந்த எஃகுக்குள் எதுவுமே நடப்பதில்லை. குரோமியத்தோடு கட்டுண்ட கரி கரைய 950-லிருந்து 1050 டிகிரி வேண்டும், ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம் வரவேண்டும். பரம்பரைக் கண் அதைப் பார்த்தால் ‘எரிந்துபோச்சு’ என்று எடுத்துவிடும். இப்படித்தான் வெட்டாத கத்தி பிறந்தது. நூறு ஆண்டுக்கு முன் ஊட்ஸை அளவுக்கு மீறிக் காய்ச்சிப் பொடித்த ஐரோப்பியக் கொல்லர்களின் வழிவந்தவர்கள், இப்போது குரோமிய எஃகுக்குப் போதிய சூடு காட்டாமல் கெடுத்தார்கள்.

ஒடிந்த கத்திகளின் காரணம் இன்னும் சுவையானது. கத்தியாக அடிக்க எஃகைச் சிவக்கக் காய்ச்சியாக வேண்டும். சில கொல்லர்கள் அதை நன்றாகவே காய்ச்சினார்கள். அடித்து முடித்துத் தரையில் போட்டார்கள். கரி எஃகு அப்படிக் காற்றில் ஆறினால் மென்மையாக இருக்கும். அதற்குப் பிறகுதான் முத்திரை குத்துவார்கள், அராவுவார்கள். குரோமிய எஃகுக்கோ தண்ணீர் தேவையே இல்லை. குரோமியம் கரியை நகரவிடாமல் தடுப்பதால், காற்றில் ஆறினாலே தோய்ச்சல் விழுந்துவிடும். கரி வெளியேற நேரமில்லாமல் இரும்பின் அணுக்கட்டுக்குள் சிக்கி அதை இழுத்து விறைக்கவைத்த அமைப்பை, அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியர் பெயரால் மார்ட்டென்சைட் என்கிறார்கள். எஃகு அடையும் மிகக் கடினமான நிலைகளில் ஒன்று அது. கூடவே நொறுங்கும் குணமும் வந்துவிடும். தரையில் சாதுவாகக் கிடந்த கத்தி, முத்திரை அச்சை உடைத்தது. அச்சு தப்பினால் கத்தி உடைந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்த பெருமையில் பாதி எர்னஸ்ட் ஸ்டூவர்ட்டுக்கு. ஷெஃபீல்டின் போர்ட்லாண்ட் ஒர்க்ஸ் கட்டடத்தில் இருந்த ஆர்.எஃப். மோஸ்லி நிறுவனத்தில் கத்திப் பிரிவின் மேலாளர் அவர். 1914-ல் ப்ரியர்லி கொடுத்த துண்டைக் காடியில் போட்டுச் சோதித்து, இது கறை படியாத எஃகு என்று சொன்னவர். ‘ரஸ்ட்லெஸ்’ என்று ப்ரியர்லி வைத்த பெயரைத் தள்ளி ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயர் நிலைக்கக் காரணமானவர். முதல் முறை செய்தபோது அச்சுகள் பாழாயின. இரண்டாம் முறை கத்திகள் படுகடினமாகி நொறுங்கின. மூன்றாம் முறை ப்ரியர்லியையே பட்டறைக்கு அழைத்தார். கத்தி செய்யத் தெரியாத ஆய்வுக்கூடத்து ஆள், எந்தச் சூட்டில் அடிக்க வேண்டும், எந்தச் சூட்டில் தோய்ச்சல் போட வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னார். கத்தி வெட்டியது, கறுக்கவில்லை, ஒடியவில்லை. தேதி கேட்பவர்களுக்கு நான் இந்த நாளைத்தான் சொல்வேன். அதைக் கல்வெட்டில் பொறிக்க யாரும் குறித்துவைக்கவில்லை. போர்ட்லாண்ட் ஒர்க்ஸ் கட்டடம் மட்டும் இன்றும் இருக்கிறது. ஊர் மக்களே பங்கு போட்டு 2013-ல் அதை வாங்கிக் காப்பாற்றினார்கள்.

தோய்ச்சல் போட்ட கத்தியை அப்படியே விற்கவும் கூடாது. அந்த விறைப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மறுபடி இளஞ்சூட்டில், 150-லிருந்து 300 டிகிரிக்குள், ஒரு நேரம் வைத்து எடுப்பார்கள். பட்டறைகளில் இதைத்தான் டெம்பரிங் என்கிறார்கள். கடினம் சிறிது குறையும், தாங்கும் குணம் கூடும். நிறையத் தாங்கும் குணம் வேண்டுமென்றால் 600 டிகிரிக்கு மேலே போகவேண்டும். தண்டு, நீராவிச் சுழலியின் இலை போன்றவற்றுக்கு அது ஏற்றது. நடுவே, சுமார் 425-லிருந்து 565 டிகிரி வரை, ஒரு ஆகாத பகுதி இருக்கிறது. அங்கே நிறுத்தினால் கத்தி முன்னைவிட நொறுங்கலாக வரும், துருவும் பிடிக்கும். கூடச் சூடு காட்டினால் கூடப் பதம் வரும் என்ற பட்டறைக் கணக்கு இந்த எஃகிடம் செல்லாது.

ப்ரியர்லிக்கும் ஃபர்த் ஆலைக்கும் உரிமைத் தகராறு வந்து அவர் வெளியேறினார். பிரிட்டனில் காப்புரிமை எடுக்க ஆலை முனையவில்லை. அமெரிக்காவில் அவரே விண்ணப்பித்து 1916 செப்டம்பரில் பெற்றார். அந்த ஆவணத்தின் தலைப்பு ‘கத்தி வகைகள்’ என்பதுதான். அவர் உரிமை கோரியது வெறும் கலவைக்கு அல்ல. இத்தனை குரோமியம், இத்தனை கரி உள்ள எஃகில் கடினமேற்றி மெருகிட்டுச் செய்த பொருளுக்கு. கடினமேற்றி என்ற சொல்லை அவர் விடவில்லை. அதற்குள் உலகப்போர் வந்து, குரோமிய எஃகு முழுவதும் விமான என்ஜின் வால்வுகளுக்குப் போனது. கத்திகள் சில ஆண்டுகள் காத்திருந்தன.

ப்ரியர்லி குழல் வேலையைத் தொடங்கிய அதே 1912-ல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில், க்ரூப் ஆலையின் பென்னோ ஸ்ட்ராஸ், எடுவார்ட் மவுரர் இருவரும் வேறு திசையிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகு. க்ரூப் அதற்கு வைத்த அடையாளம் வி2ஏ. நம் வீட்டுத் தட்டு, டம்ளர், சாம்பார் வாளி எல்லாம் இதன் வம்சம். பிறகு பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல் என்ற அளவு நிலைபெற்றது. கொல்லர் கற்ற பாடத்தை இந்த எஃகு தலைகீழாக்கியது. 1050 டிகிரிக்குக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் இது கடினமாகாது. மெத்தென்று இளகி, எப்படி வளைத்தாலும் வளையும். நிக்கல் இருப்பதால் இரும்பு தன் உயர்சூட்டு அமைப்பிலேயே நின்றுவிடுகிறது, மார்ட்டென்சைட் ஆவதில்லை. தோய்த்தால் விறைக்கும் என்று அறிந்த கைகளுக்கு இது மாயமாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் நொறுங்கும் பேய் இங்கேயும் வேறு வாசல் வழியாக நுழைந்தது. 1920-களில் அமில ஆலைகளுக்கு இந்த எஃகில் தொட்டிகள் கட்டினார்கள். வெல்டிங் வைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, இருபுறமும் கோடு போட்டதுபோல உலோகம் உளுத்தது. மேலே பளபளப்புக் குறையவில்லை. தட்டினால் கிண்ணென்ற ஒலி இல்லை, வளைத்தால் மணி மணியாக உதிர்ந்தது. வெல்டிங்கின்போது அந்தப் பட்டை மட்டும் 450-லிருந்து 850 டிகிரிக்குள் சிறிது நேரம் நின்றிருக்கிறது. அந்தச் சூட்டில் கரி, உலோக மணிகளின் விளிம்புக்கு நகர்ந்து, அங்குள்ள குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக ஒதுங்குகிறது. விளிம்பை ஒட்டிய ஓரத்தில் குரோமியம் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அமிலம் அந்த ஓரத்தை மட்டும் தேடித் தின்கிறது. செங்கல் எல்லாம் நன்றாயிருக்க, இடையிலிருந்த காரை மட்டும் கரைந்துபோன சுவரின் நிலை. ஸ்ட்ராஸும் அவருடைய கூட்டாளிகளும் 1930-ல் இந்த விளக்கத்தை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் எட்கர் பெய்னும் அவருடைய குழுவும் 1933-ல் உறுதிப்படுத்தினார்கள்.

மருந்து மூன்று கண்டார்கள். பொருள் முழுவதையும் மறுபடி 1050 டிகிரிக்குக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் ஒதுங்கிய கார்பைடு கரைந்துவிடும். சிறு பொருளுக்குச் சரி, வீடளவு தொட்டியை எந்த உலையில் நுழைப்பது? டைட்டானியமோ நியோபியமோ சேர்த்தால் கரி அவற்றைப் பிடித்துக்கொண்டு குரோமியத்தை விட்டுவிடும். மூன்றாவது, கரியையே 0.03 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது. அதற்கு ஆர்கானும் ஆக்சிஜனும் கலந்து உருகிய எஃகுக்குள் ஊதும் முறை 1960-களின் கடைசியில் ஆலைக்கு வரும்வரை, அது செலவு பிடித்த வேலை. இன்று கடையில் இந்தப் பதினெட்டு-எட்டு வகையை ‘304 எல்’ என்று கேட்டு வாங்கும்போது, கரி குறைவு என்று சொல்லும் அந்த ‘எல்’ என்ற எழுத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

பெய்ன் இன்னொன்றையும் முன்னமே பிடித்திருந்தார். 1927-ல் அவரும் கிரிஃபித்ஸும் இரும்பு, குரோமியம், நிக்கல் கலவைகளை நெடுநேரம் சூட்டில் வைத்தபோது, மிகுந்த கடினமும் அதே அளவு நொறுங்கும் குணமும் கொண்ட ஒரு புதுப் பொருள் உள்ளே விளைந்திருந்தது. இரும்பும் குரோமியமும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கட்டிக்கொண்ட பொருள். நொறுங்கும் என்பதன் ஆங்கில முதலெழுத்தை வைத்து அதற்கு ‘பி’ என்று பெயரிட்டார்கள்; பின்னாளில் அது சிக்மா ஆயிற்று. இது 600-லிருந்து 900 டிகிரிக்குள், மணிக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் மெல்ல விளைவது. உலைக்குள் சூட்டிலேயே கிடக்கும் தட்டு, சங்கிலி, குழாய்களுக்கு இதுதான் எமன். சூட்டில் இருக்கும்வரை வேலை செய்யும். உலையை அணைத்து ஆறிய பிறகு ஒருவர் சுத்தியலால் தட்டினால் துண்டாகும்.

நிக்கல் இல்லாமல் குரோமியம் மட்டும் பதினைந்துக்கு மேல் உள்ள வகைகளுக்கு வேறொரு கண்டம். 475 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் இருந்தால் போதும். குரோமியம் நிறைந்த மிகச் சிறு திட்டுகளாகவும் குரோமியம் குறைந்த பகுதியாகவும் உலோகம் உள்ளுக்குள் பிரிந்துவிடும். சாதாரண உருப்பெருக்கியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடித்தால் உடையும். நல்லவேளை, இதற்கு மீட்சி உண்டு. 600 டிகிரி அளவில் காய்ச்சி வேகமாக ஆறவிட்டால் பழைய குணம் திரும்பிவிடும். இதனால்தான் இவ்வகை எஃகையும், இதன் அமைப்பும் நிக்கல் எஃகின் அமைப்பும் கலந்த டூப்ளெக்ஸ் வகையையும் 300 டிகிரியைத் தாண்டி நெடுநாள் உழைக்கவிட வடிவமைப்பாளர்கள் தயங்குகிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். சேலம் உருக்காலை 1982 முதல் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டித் தருகிறது. குளிர்நிலையில் உருளைகளுக்கு நடுவே நசுங்கிய தகடு விறைத்துப்போகும்; அதை ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி விரைவாக ஆறவைத்தால்தான் பாத்திரத்துக்கு ஆகும். அனுப்பர்பாளையத்துப் பட்டறைகள் முதல் பெரிய ஆலைகள் வரை, தகட்டை அச்சில் வைத்துக் குடமாகவோ டம்ளராகவோ இழுக்கும் எவருக்கும் இந்த விறைப்பு தெரியும். ஆழமான பாத்திரத்தை ஒரே இழுப்பில் இழுக்கக் கூடாது. நடுவே ஒரு முறை அப்படிக் காய்ச்சி ஆறவைக்கும் அனீலிங் செய்ய வேண்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவு ரகத்தில் அதைத் தவிர்த்தால், அச்சிலிருந்து நன்றாக வெளியே வந்த பாத்திரம் சில நாள் கழித்து அலமாரியில் இருந்தபடியே விளிம்பிலிருந்து விரிசல் விடுவதுண்டு. வாடிக்கையாளர் தகடு மட்டம் என்பார். பல நேரம் மட்டம் தகடு அல்ல, மிச்சம் பிடித்த எரிபொருள்.

உங்கள் சமையலறைக் கத்தி மட்டும் எஸ்ஸன் வம்சம் அல்ல; அது ஷெஃபீல்ட் வம்சம். காந்தத்தை வைத்துப் பாருங்கள், கத்தியில் கெட்டியாக ஒட்டும். நல்ல 304 தட்டின் நடுவில் ஒட்டாது. அந்தக் கத்திக்கு ஆலையில் யாரோ ஆயிரம் டிகிரியில் தோய்ச்சல் போட்டு, இளஞ்சூட்டில் பதம் இறக்கி அனுப்பியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் அறுக்கவும் டப்பாவில் ஓட்டை போடவும் அதன் முனையைக் கேஸ் அடுப்பில் காட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. நுனி மஞ்சளாகி நீலமானால், சூடு பதம் இறக்கிய அளவைத் தாண்டிவிட்டது. நேரே அந்த ஆகாத பகுதிக்குள் போயிருக்கும். நன்றாகப் பழுத்து ஆரஞ்சு நிறமாகிக் காற்றில் ஆறினால், டெம்பரிங் இல்லாத முழு மார்ட்டென்சைட். அடுத்த முறை தேங்காய் கீறும்போது முனை கையில் வராது, மூடியிலேயே நின்றுவிடும். சாணை பிடிப்பவர் சக்கரத்தில் பொறி பறக்க அழுத்தினாலும் கூர்விளிம்பில் இதே சேதம்தான். இடையிடையே தண்ணீரில் தொடச் சொல்லுங்கள். அடுப்பில் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், அதற்கென்று ஒரு பழைய கத்தியை ஒதுக்கி வையுங்கள்.